ஒரே ஆண்டில் போன தளபதிகள்

முதல் தடவை தளபதிச் சாமியின் சிலைக்கு முன்னால் இரண்டு காசுகளும் வெள்ளை முகம் காட்டி விழுந்தன.

தளபதி சிரிக்கிறார் என்றார் பூசாரி கியெம். அதாவது, பதில் சொல்லாமல் கேலி செய்கிறார்.

பழைய செப்புக்காசுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு. ஒன்று வெளுப்பும் ஒன்று கறுப்புமாக விழுந்தால்தான் சம்மதம். மூன்று தடவை போடலாம். மூன்றும் தவறினால் அந்த ஜோடியைப் பற்றி இந்த ஜென்மத்தில் மறுபடி கேட்கக் கூடாது.

இன்று கேட்க வந்திருந்த தோவா அக்கரைக்காரி. சந்தையில் வாத்து முட்டை விற்பவள். கியெமுக்கு மட்டும் எப்போதும் ஒரு முட்டை கூடுதலாக வைப்பாள். பூசாரி என்ற மரியாதை என்று அவர் நினைத்திருந்தார்.

அக்கரைக் கோயிலில் இருப்பது வேறு தளபதி. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இவரும் அவரும் எதிரெதிர் அரசர்களுக்காக மோதி, ஒரே ஆண்டில் மாண்டார்கள். அன்று முதல் இரு கரைக்கும் நடுவே முட்டை விற்கலாம், வாங்கலாம். பெண் கொடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. மீற நினைப்பவர்கள் இங்கே வந்து காசு போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கியெம் பூசாரியான பிறகு ஒருவருக்கும் சம்மதம் கிடைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

யாருக்கு யாரைக் கேட்கிறோம் என்பதைத் தளபதியின் காதில் மட்டும்தான் சொல்வார்கள். இல்லையென்று விழுந்துவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை பாருங்கள். தோவாவும் மரச்சிலையின் காதோரம் ஏதோ முணுமுணுத்திருந்தாள். அவளுடைய அண்ணன் மகனுக்காகத்தான் இருக்கும் என்று கியெம் முடிவுகட்டிவிட்டார். அந்தப் பயல் ஒரு மாதமாக இக்கரை டோஃபு கடையையே சுற்றிவருகிறான்.

இரண்டாம் தடவை இரண்டும் கறுப்பு. கோபம்.

தோவா அசரவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு தளபதியிடமே நியாயம் கேட்க ஆரம்பித்தாள்.

"ஐயா, நீங்களும் எங்க தளபதியும் ஒரே வருஷத்துலதான போய்ச் சேந்தீங்க? அங்க உங்களுக்குப் படையும் இல்ல, ராஜாவும் இல்ல. முன்னூறு வருஷமா அவர்கூடப் பேசாம வேற யார்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க? நீங்க ரெண்டு பேரும் அங்க ஒண்ணா டீ குடிச்சுக்கிட்டு, இங்க எங்கள மட்டும் மொறச்சுக்க விடுறது நியாயமா?"

சாமியிடம் இப்படிப் பேசலாமா என்று கியெம் கண்டித்திருக்க வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ இரண்டு பேருடைய வாழ்க்கை இந்தக் காசில் இருக்கிறதே என்று பாவமாகவும் இருந்தது. பூசாரி பட்சம் பார்க்கக் கூடாது. இருந்தாலும், போனால் போகிறது, கொடுத்துவிடும் என்று தளபதியிடம் மனசுக்குள் சொல்லிவைத்தார்.

காசுகள் தட்டில் சுழன்று விழுந்தன. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு.

தோவா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கியெமுக்கும் கண் கலங்கியது. அவள் கொண்டுவந்திருந்த வெற்றிலைபாக்குத் தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளைப் பையனை நாளைக்கே வந்து தளபதியைக் கும்பிடச் சொல்லுங்கள் என்றார்.

தோவா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கேருந்து வரணும்? தாம்பாளத்தப் புடிச்சுக்கிட்டு இங்கதான நிக்கிறீங்க."

இரண்டு பாக்குகள் உருண்டு கீழே விழுந்தன. கியெமுக்குச் செத்துப்போன மனைவியின் நினைவுதான் முதலில் வந்தது. அவள் என்ன நினைப்பாள் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

தோவா பாக்குகளைப் பொறுக்கித் தாம்பாளத்தில் வைத்தாள்.

"அவங்களும் எங்க வீட்டுக்காரரும் ஒரே வருஷத்துலதான போனாங்க. இந்நேரம் பழகியிருப்பாங்க."