நூறாவது மூச்சு

புதிய சட்டப்படி தேவசகாயத்துக்குச் சிறை இல்லை. குடித்துவிட்டுக் காரோட்டி அவன் கொன்ற பெண்ணின் வீட்டுக்கு நூறு நாள் காலையில் போய், அவளுடைய அப்பா மாசிலாமணி நீட்டும் கருவியில் ஊத வேண்டும். ஒரு நாள் குடித்தது தெரிந்தாலும் ஏழு வருடம் உள்ளே. தொண்ணூற்றொன்பது நாளும் மாசிலாமணி கருவியை நீட்டினார், பூஜ்யத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நூறாம் நாள் தேவசகாயம் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். "இன்னியோட முடியுதுங்கய்யா," என்றான். மாசிலாமணி அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தயாராக வைத்திருந்த பிராந்தி பாட்டிலை வாய்க்குள் திணித்தார். முன்பல் உடைந்தது. ரத்தமும் பிராந்தியும் கலந்து தொண்டைக்குள் இறங்கின. "நூறு நாள் குடிக்காம இருக்க உன்னால முடியுதுல்ல. அன்னிக்கு ஒரு நாள் முடியலையாடா?" பாட்டிலை எறிந்துவிட்டு, கருவியின் குழாயை உடைந்த பல்லுக்கிடையில் செருகினார். "ஊது." தேவசகாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவன் மூக்கை மாசிலாமணி இரண்டு விரலால் இறுக்கினார். அவன் கண்கள் பிதுங்கின, கால்கள் தரையை உதைத்தன. கருவியின் சின்னத் திரையில் இன்னும் பூஜ்யம்தான் இருந்தது.