நாலு கார்டு, நாலு பொட்டு

“பாரத், ஆயுத பூஜைன்னு நேத்து ஹப்பைப் பிரிச்சியா?”

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வகத்தில் நெட்வொர்க் காலையிலிருந்து படுத்துவிட்டது. கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் ஹப்பைத் திறந்த ஸ்வர்ணா, உள்ளேயிருந்த நான்கு கார்டுகளிலும் குங்குமப் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

“சத்தியமா இல்ல. நான்தான் ஹனோவர் போயிருந்தேனே.”

“போன வருஷம் மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வச்சது யாரு, ஜெர்மன்காரனா? கார்டைக் கழட்டித் துடைச்சு, ஸ்லாட் மாத்திச் செருகியிருக்கே. சேவ் பண்ணி வச்ச செட்டிங்ஸை ஏத்தினாலும் எடுத்துக்க மாட்டேங்குது.”

“பத்து மணிக்கு ப்ரொஃபசர் ஹார்ட்மன் என் கான்ட்ராக்டை நீட்டிச்சு சைன் பண்ண வர்றார். இதைப் பார்த்தா நான் தொலைஞ்சேன்.”

இருவருமாகப் பொட்டுகளைத் துடைத்தார்கள். கார்டுகளைப் பழைய வரிசையில் செருகி, சேமித்திருந்த செட்டிங்ஸை மறுபடி ஏற்றினார்கள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

அதற்குள் ஹார்ட்மன் வந்துவிட்டார். நேரே ஹப்புக்குள் எட்டிப் பார்த்தவரின் முகம் வாடியது.

“நேற்று நான் வைத்த பொட்டையெல்லாம் யார் அழித்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாரத் குங்குமம் படிந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“போன வருடம் இதற்கு மட்டும் நீங்கள் வைக்கவில்லை. பாவமாக இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கார்டாகக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்தேன்,” என்றார் ஹார்ட்மன்.

“வரிசை மாறாமல் வைக்க வேண்டும், சார்,” என்றான் பாரத் மெல்ல.

“அப்படியா? அடுத்த வருடம் நீயே வைத்துவிடு,” என்றபடி ஹார்ட்மன் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார்.