தண்ணீர் போகும் பக்கம்

அவர் கையை எடுத்தார்.

எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்த பலகைகளில் கோலி உருண்டது. முதல் பலகை, திருப்பம், அடுத்த பலகை, திருப்பம். கடைசிப் பலகையில் வேகமெடுத்து, கீழே வைத்திருந்த டம்ளரைத் தாண்டிக் குதித்தது. கூடத்துத் தரையில் உருண்டு பின்வாசல் வரை போய்த்தான் நின்றது.

நான் போய் எடுத்து வந்தேன்.

"இந்தத் தரையில எதை வெச்சாலும் பின்வாசலுக்கே போயிடுதுங்க மாமா. பூரிக்கட்டையைக்கூடக் கீழ வெக்க முடியல."

என் மாமனார் தலையைத் தூக்கவில்லை. டம்ளரை ஒரு விரல் அளவு தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நிக்காதுல்ல கண்ணு."

கரூர் வீட்டைக் கட்டும்போது, கொத்தனார் பக்கத்திலேயே நின்று அவர் கேட்டு வாங்கிய வாட்டம் அது. கழுவிவிட்டால் தண்ணீர் தானாகப் பின்வாசலுக்குப் போகவேண்டும். கொஞ்சம் கூடுதலாகவே அமைந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, லீவுக்குப் போகும்போதெல்லாம் அதற்காக அவரோடு சண்டை போட்டேன். அவருக்கும் அந்தச் சண்டை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

மறுபடி கோலியை விட்டார்.

டங்.

டம்ளரில் விழுந்த கோலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேத்தி மிதுனாவுக்காகச் செய்தது அது. அவள் ஈரோட்டில் என் அம்மா வீட்டில் இருந்தாள். நாளைக்கு வந்துவிடுவாள்.

"இனி நான் விடமாட்டேன். அவ வந்து விடட்டும்."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

*

காரியமெல்லாம் முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது அந்தக் கோலிப் பலகையையும் காரில் ஏற்றினோம்.

ரீப்பர் கட்டைகளும் பழைய கட்டில் பலகையும்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். எங்கே தடவினாலும் சிலாம்பு ஏறாது.

கோலி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

எங்கள் ஃபிளாட்டில், டி.வி.க்கு எதிரே வைத்தோம். மிதுனா கோலியை விட்டாள்.

முதல் பலகையில் ஓடியது. திரும்பியது. இரண்டாவது பலகையின் நடுவில் நின்றுவிட்டது.

மறுபடி விட்டாள். அதே இடம்.

குனிந்து ஊதிப் பார்த்தாள்.

"தாத்தா தப்பாப் பண்ணிட்டாராம்மா?"



என் கணவர் தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு பக்கம் போற பலகைக்கெல்லாம் நல்லாச் சாய்வு இருக்கு. திரும்பி வர்றதுக்குத்தான் பத்தல. அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, பாவம். கழட்டி மறுபடி அடிச்சிடலாம்."

சுத்தியலைக் கொண்டுவந்தார். அதன் பின்பக்கத்தை ஓர் ஆணியின் தலைக்கு அடியில் கொடுத்தார்.

மிதுனா என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் அந்த ஆணியையே பார்த்தேன். மாமா அதை அடித்தபோது கூட இருந்தவள் நான். பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு கோலியை விடுவார். நூலளவு உயர்த்துவார். மறுபடி விடுவார். ஓடினால்தான் ஆணி. ஓடாத பலகைக்கு அவர் ஆணியே அடிக்கவில்லை.

பின்வாசலுக்குச் சரிந்த அந்தக் கரூர்த் தரையில் வைத்து.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

தரை துடைக்கும் துணியை எடுத்தேன். நீளவாக்கில் மடித்தேன். கரூரில் முன்வாசல் பக்கமாக நின்ற இரண்டு கால்களையும் தூக்கச் சொல்லி, அவற்றுக்கு அடியில் கொடுத்தேன்.

"இப்ப விடு."

இரண்டாவது பலகை. நடுவில் மெதுவானது. மிதுனா மூச்சுவிடவில்லை.

போனது. திரும்பியது. போனது.

டங்.

அவள் கத்திய கத்தலில் பக்கத்து ஃபிளாட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

என் கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டின் வாட்டமில்லாத தரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"எங்கப்பன்..." என்றார்.

சிரிக்கத் தொடங்கினார். ஊரிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பிறகு அந்தத் துணிக்குப் பதிலாக ஒரு கட்டை செதுக்கி வைப்பதாகச் சொன்னார். மிதுனா விடவில்லை. துணி அங்கேயே இருக்கிறது. தரையை வேறு துணியால் துடைக்கிறேன்.

*

வருஷத் திதிக்குக் கரூர் போனோம்.

பூட்டிக் கிடந்த வீடு. முதல் வேலையாகக் கூடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தள்ளிவிடத் துடைப்பத்தை எடுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் பின்வாசலுக்குப் போனது.