உறையைப் படித்த விமரிசகர்

நூலகத்தில் செக் நாட்டுப் பியானோ இசைத்தட்டு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. இசைப் பத்திரிகை திட்டிய தட்டுகளை அங்கே வைத்திருப்பதில்லை.

"வாசிச்ச அம்மாவுக்கு அந்த ஊர் மண்ணே தெரியலை. போல்கா நடனத்துல துள்ளலே இல்லை," என்றது பத்திரிகை.

"ஐயா, கேட்டுப் பார்த்தீங்களா?"

"எதுக்குக் கேட்கணும்? உன் உறையைப் படிச்சேன், போதாதா?"

கிராமபோன் ஊசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தீர்ப்புச் சொல்ற துரைக்கு விசாரணை எதுக்கு, தங்கச்சி? நீ வந்து சுத்து!" என்று அழைத்துத் தட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது.

போல்கா கிளம்பியது. நாற்காலிகள் கால் மாற்றி ஆடின. முதலில் பத்திரிகையின் அட்டை துடித்தது. பிறகு அறுபத்து நான்கு பக்கங்களும் படபடத்தன. இசை முடிந்ததும் அது மூச்சிரைக்கக் கத்தியது: "இவளை வெளியே அனுப்பினா நானும் கூடவே போயிடுவேன்! மறுபக்கத்தைப் போடு!"