வகுத்தல் தெரியாத இயந்திரம்

வகுத்தல் கட்டளைகளை அடிப்படைக் குழுவில் சேர்ப்பதில் யாருக்காவது மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம்போல அவளைப் பார்த்தார்.

நாங்கள் எல்லாருமே அவளைத்தான் பார்த்தோம்.

ஒரு வருடமாக வண்டி இந்த ஒரே பள்ளத்தில்தான் சிக்கிக் கிடந்தது.

எங்கள் மெய்நிகர் இயந்திரம் கண்ணால் பார்க்கிற பொருள் அல்ல. கைப்பேசி, கார், மருத்துவக் கருவி என்று எதற்குள்ளும் ஒரே நிரல் ஓடுவதற்காகச் செய்த ஓர் ஏற்பாடு. அதற்குப் புரிய வேண்டிய கட்டளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தர விதிகளாக எழுதுவது எங்கள் கமிட்டியின் வேலை. அடிப்படைக் குழுவில் உள்ளதை எல்லாக் கருவிகளும் கட்டாயம் செய்தாக வேண்டும். மற்றக் குழுக்கள் முடிந்தால் மட்டும்.

வகுத்தல் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும், அதற்கென்று தனிக் குழு எதற்கு, அதை வெட்டிவிட்டு அடிப்படையில் சேருங்கள் என்பது என் கட்சி. வரைவில் எதைக் கண்டாலும் வெட்டச் சொல்வதால் எனக்குக் கத்திரி என்று பெயர்.

பழைய சின்ன சிப்புகளுக்கு வகுத்தல் வராது. அவற்றைத் தரத்துக்கு வெளியே தள்ளினால், செய்த கம்பெனிகள் மறுநாளே கைகழுவிவிடும். கோளாறு தெரியவந்தாலும் திருத்தம் அனுப்பமாட்டார்கள். இது அவள் கட்சி. அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"ஒரு நொண்டிக் குதிரைக்காக ஊரே நொண்டணுமா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று டீ இடைவேளையில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் தம்பிக்கு மார்புத் தசைகள் ஓய்ந்துவிட்டன, மருத்துவ விடுதியில் இருக்கிறான். சின்னக் கருவி ஒன்றுதான் அவனுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருப்பது நான் சொன்ன அதே நொண்டிக் குதிரை.

"அதுக்கு வகுத்தல் வராதுன்னு அவன்கிட்ட சொன்னேன், சிரிக்கிறான். நானும் கணக்குல ஃபெயிலு, என் மிஷினும் ஃபெயிலு, நல்ல ஜோடிங்கிறான்."

அந்தத் தம்பியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரைவைத் திறந்தாலே அவன் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டான்.

இன்று அவள் நீளமாகப் பேசவில்லை. "மறுப்பு இருக்கு. காரணம் பழைய காரணம்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

வகுத்தல் தனிக் குழுவாகவே இருக்கட்டும், நான் என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கத்திரி மழுங்கிவிட்டது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தலைவர் நான் மனம் மாறுவதற்குள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நாளை என் கம்பெனியில் எனக்கு அர்ச்சனை நடக்கும். இருந்தும் உடம்பு லேசாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவளிடம், தம்பி இருக்கும் மருத்துவ விடுதிக்குத்தானே என்று கேட்டேன். என் வழிதான், காரில் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் தலையசைத்தாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விடுதி வாசலில் அவள் இறங்கும்போது எனக்கு ஆசை வந்தது.

"நானும் மேல வரலாமா? தம்பிகிட்ட நானே சொல்லிடறேனே."

அவள் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாங்க," என்றாள்.

படியேறும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தம்பி, உங்க குதிரை பொழச்சுடுச்சு. இனி அத யாரும் பந்தயத்த விட்டுத் துரத்த முடியாது. கொஞ்சம் நாடகம் போல இருந்தது. ஆனாலும் சிரிக்கிற ஆள்தானே, சிரிப்பான்.

நீளமான அறை. பினாயில் வாசனை. ஜன்னலோரக் கடைசிக் கட்டில்வரை அவள் நேராக நடந்தாள். அங்கே படுத்திருந்தது ஒரு வயதான பெண்மணி. நரைத்த முடியை யாரோ படிய வாரிவிட்டிருந்தார்கள். முகத்தில் மாஸ்க். தலைமாட்டில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி, உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தது.

நான் மற்றக் கட்டில்களைப் பார்த்தேன். தம்பி என்று சொல்லத்தக்க வயதில் யாருமில்லை. குளியலறைக் கதவைப் பார்த்தேன். அது திறந்துதான் கிடந்தது.

"தம்பி எங்க?"

மடங்கியிருந்த ட்யூபை அவள் நேராக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு அது பழகின வேலை.

"போன வாரம் போயிட்டான்," என்றாள், திரும்பாமலே. "யாருக்காவது உதவட்டும்னு மிஷின இங்கயே விட்டுட்டுப் போனேன்."

இவங்க யாரு என்று மட்டும் கேட்டேன்.

"தெரியல. இன்னிக்குத்தான் நானும் பாக்கறேன்."

பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும், யார் வீட்டு ஆட்கள் நீங்கள் என்று கேட்டன.

அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஸ்டூலை இழுத்து என் பக்கம் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்ல வந்தத இவங்ககிட்ட சொல்லுங்க."

நான் உட்கார்ந்தேன்.

"அம்மா," என்று ஆரம்பித்தேன்.