லீவு நாள் சண்டை

பார்த்திபன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். முப்பத்தெட்டு பேர்.

நூறு பேர் கையெழுத்துப் போட்டால்தான் கிராம சபை செல்லும். மணி பதினொன்றரை. காலையில் கொடியேற்றத்துக்கு வந்த கூட்டம் மிட்டாயோடு கலைந்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

செல்போன் அடித்தது. கலசப்பாக்கத்திலிருந்து அம்மா.

"சுதந்திர தினத்துக்குக்கூட லீவு இல்லியாடா உனக்கு?"

"எனக்கு அன்னிக்குத்தாம்மா வேலையே."

ஊராட்சிச் செயலர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று ஊருக்கெல்லாம் லீவு விடுகிற நாளில்தான் கிராம சபை. எல்லோரும் வர வசதியாக இருக்குமாம். பட்டு நெய்கிறவர்களுக்கு ஏது லீவு? தறியை விட்டு எழுந்தால் அன்றைய முழம் போயிற்று.

இன்று அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் கேட்டுத் தீர்மானம். கூரை பெயர்ந்து விழுகிறது. மே தினத்தன்றே போட்டிருக்க வேண்டியது. அறுபத்தொரு பேர்தான் வந்தார்கள். கூட்டம் செல்லவில்லை. இன்றும் அப்படியே போனால், மழைக்காலம் முழுக்கக் குழந்தைகள் அந்தக் கூரைக்குக் கீழேதான்.

மே தினத்தில் ஒரே ஆறுதல், கூட்டத்துக்குக் கூட்டம் தலைவரை வம்புக்கு இழுக்கும் நெசவாளி பழனி ஊரில் இல்லை. சண்டையில்லாமல் முடிந்தது.

இன்று இருந்தார்.

"இன்னாய்யா தலைவரே, எங்க தெருவுல எப்போ லைட்டு எரியும்? நீ வந்து நின்னுகினு பல்லைக் காட்டுனாதான் வெளிச்சமா?"

உள்ளே வரவில்லை. வாசலில், தெருவைப் பார்த்து நின்றுகொண்டு கத்தினார். ஊராட்சித் தலைவர் தனசேகரன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள வந்து உட்கார்ந்து பேசுங்க" என்றான் பார்த்திபன்.

"நீ சும்மா இரு தம்பி. ஏன் தலைவரே, ஓட்டு கேக்க வந்தப்போ எங்க வீட்டு நாய்க்குக்கூட கும்புடு போட்டியே, இப்போ நிமிர்ந்து பார்க்க முடியலியா?"

ஒரு தறி நின்றது. அப்புறம் பக்கத்து வீட்டுத் தறி.

"இன்னாக்கா சத்தம்?"

"பழனி தலைவரைப் புடிச்சிகினாரு. ஜல்தி வா."

லுங்கியோடு ஆண்களும், ஈரக் கையோடு பெண்களும் வந்து குவிந்தார்கள். வந்ததுதான் வந்தார்கள் என்று பார்த்திபன் நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தான். நூற்றுநான்கு கையெழுத்து விழுந்ததும், சண்டைக்கு நடுவில் தீர்மானத்தை அவசரமாகப் படித்தான். கைகள் உயர்ந்தன. நிறைவேறிவிட்டது.

பழனியும் கை தூக்கினார். அதோடு சண்டையை நிறுத்திவிட்டார்.

"அவ்ளோதானா?" என்று முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது.

பார்த்திபனுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்க தெரு லைட்டைப் போன வாரம் நானே நின்னு மாட்டிட்டு வந்தேன். வயசுல பெரியவரை எதுக்கு இப்படிப் பொய்யா அசிங்கப்படுத்துறீங்க? எல்லா லீவு நாள்லயும் இதே பேஜாரா?"

பழனி சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். குரல் கம்மிப் போயிருந்தது.

"காலையில வீடு வீடா போயி, அங்கன்வாடிக்குத் தீர்மானம், வாங்கன்னு கூப்டேன் தம்பி. வரேன்னு சொல்லிட்டு நெய்துகினே இருந்தாங்க. சண்டைன்னாதான் எழுந்து வராங்க."

பார்த்திபன் தலைவரைத் திரும்பிப் பார்த்தான்.

தனசேகரன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கலாம் பழனி. தெக்குத் தெருவுலேர்ந்து ஒருத்தரும் வரல."