மாரிச்செல்வி திருத்திய ஒரு வரி

சிவகாசியில் பட்டாசு ஆலை வெடித்ததில் காது போன அம்மாவுக்காகத்தான் மாரிச்செல்வி அந்தக் கம்பைலரை எழுதினாள். மலிவான செவிக்கருவிக்குப் புரியும்படி நிரலை மாற்றித் தரும் கம்பைலர் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகவே போட்டாள். நாற்பது ஊர்களில் அதை வைத்துச் செவிக்கருவி செய்தார்கள்.

இன்று காலை அம்மாவின் கருவி நின்றுபோனது. பெரிய கம்பைலர் நிறுவனத்திலிருந்து ஒருவன் போனில் வந்தான்.

"எங்க பழைய நிரலைப் பார்த்தவங்க சொந்தமா கம்பைலர் எழுதக்கூடாது, மேடம். புது உரிம விதி. காலேஜ்ல நீங்க அதுல ஒரு எழுத்துப்பிழை திருத்தியிருக்கீங்க. உங்க பேரே இருக்கு."

"சான்றிதழ் தர்றாங்கன்னு திருத்துனேன்யா! ஒரே ஒரு வரி!"

"பார்த்தது பார்த்ததுதானே? அதான் உங்க பேர்ல இருக்கிற கருவியை நிறுத்திட்டோம்; அதுக்குள்ள இருக்கிற சிப்பு எங்களோடது, இங்கிருந்தே நிறுத்தலாம். உங்க கம்பைலர் எங்களோடதுன்னு கையெழுத்துப் போடுங்க, உடனே ஓடும்."

"மத்த ஊர்ல ஓடுறது?"

"கையெழுத்து விழுந்ததும் நின்னுடும். அவங்க எங்ககிட்ட உரிமம் வாங்கிக்கட்டும்."

"வெட்கமாயில்ல? திருட்டுப்பயலுகளா!"

வீடே அதிரும்படி கத்தினாள். எதிரே அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி வாய மட்டும் அசைக்கிற? கொஞ்சம் சத்தமாப் பேசேன்."

மாரிச்செல்வி கையெழுத்துப் போட்டாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் புருவத்தைச் சுருக்கினாள்.

"யாருடி இப்படி விடாம கூப்பிடுறது? எடுத்துப் பேசு."

போனில் கடலூர், ஓசூர், தேனி என்று ஊர்ப் பெயர்கள் மாறி மாறி ஒளிர்ந்தன. மாரிச்செல்வி எடுக்கவில்லை.